அட்மிரல் நிலையில் தோற்பது ஏன்? எதிரியின் கஜானாவைப் பாருங்கள்

கேள்வி: ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி உத்தி விளையாட்டை விளையாடுகிறேன். கேப்டன் என்ற கடினநிலையில் ஒவ்வொரு முறையும் சுலபமாக வெல்கிறேன். அட்மிரல் நிலைக்கு ஏற்றினால் 2250ஆம் ஆண்டுக்குள் பக்கத்துப் பேரரசு என்னை நொறுக்கிவிடுகிறது. இத்தனைக்கும் என்னிடம் அதைவிட அதிகக் கோள்கள் இருக்கின்றன, கனிமக் கிடங்கு நிரம்பி வழிகிறது. ‘முதலில் கனிமத்தைச் சேர், பிறகு கப்பல் கட்டு’ என்று சொல்லும் ஒரு வழிகாட்டியைப் பின்பற்றுகிறேன். உயர்ந்த நிலையில் கணினி நம்மைவிட நன்றாக யோசிக்கிறதா? வளங்களைக் கூட்டித்தரும் ‘டிரெய்னர்’ ஒன்றை விலைக்கு வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கணினி நன்றாக யோசிக்கிறதா என்றால், இல்லை. கேப்டன் நிலையில் உங்களிடம் தோற்ற அதே மூளைதான் அட்மிரல் நிலையிலும் எதிரே உட்கார்ந்திருக்கிறது. அதன் விளைச்சல்தான் மாறியிருக்கிறது. நீங்கள் ஒரு சுரங்கத்தில் 4 பங்கு எடுக்கும்போது, அதே அளவு சுரங்கத்தில் அது அதைவிட அதிகம் எடுக்கிறது. நிலை உயர உயர இந்தச் சலுகை விழுக்காடும் உயரும். விழுக்காடு பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை. கணக்குப்பிள்ளை அதே ஆள்தான், அவனுடைய முதலாளியின் வயலில் மட்டும் ஒரு போகத்துக்கு ஒன்றரைப் போகம் விளைகிறது. ஆரம்பத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விளைந்ததை அது மறுபடியும் விதைத்துக்கொண்டே போவதால், ஐம்பது ஆண்டுகளில் மலைபோல் நிற்கிறது. நீங்கள் 2250இல் நொறுங்குவது அதனால்தான்.

உண்மையிலேயே நன்றாக யோசிக்கும் எதிரியை உருவாக்குவது மிகக் கடினமான வேலை. ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டில் மனிதர்களின் உச்ச வரிசையான கிராண்ட்மாஸ்டர் நிலையை ஒரு நிரல் எட்டியது 2019இல்தான். டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்ஃபாஸ்டார் அது. நாம் வாங்கும் விளையாட்டுகளோடு அப்படி ஒரு மூளை வருவதில்லை. அதனால் உருவாக்குபவர்கள் எளிய வழியை எடுத்துக்கொள்கிறார்கள்: எதிரிக்குப் பணத்தைக் கொடுத்துவிடு. 2006இல் வந்த கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 என்ற விளையாட்டு ஒரு கட்டம்வரை எதிரியின் அறிவைக் கூட்டியது, அதற்கு மேல் அதுவும் கஜானாவைத்தான் கூட்டியது.

பணம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை மறைக்கும் பெயர்கள்தான் எரிச்சலூட்டுகின்றன. கேப்டன், கமடோர், அட்மிரல், கிராண்ட் அட்மிரல் என்று பதவிப் பெயரைச் சூட்டினால் எதிரில் இருப்பவன் பெரிய போர்த் தந்திரி என்றுதானே புதியவர் நினைப்பார்? ஸ்டார்கிராஃப்ட் 2 இந்த விஷயத்தில் நேர்மையானது. எலைட் என்ற கடினநிலைக்கு மேலே உள்ள மூன்று நிலைகளுக்கும் ‘சீட்டர்’, அதாவது ஏமாற்றுக்காரன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் வரைபடம் முழுவதும் எதிரிக்குத் தெரியும், அடுத்ததில் வளமும் கூடுதலாகக் கிடைக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. தன் பெயரை இப்படி வெளிப்படையாகச் சொன்னால் எந்த விளையாட்டு கெட்டுப்போய்விடும்? இத்தனை ஆண்டுகளாகியும் மற்றவர்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

தொடங்கும் திரையில் இன்னும் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். கணினியின் ஆக்ரோஷம் என்பது கடினநிலையோடு சேர்ந்ததல்ல, தனி அமைப்பு. அதை ‘அதிகம்’ என்று விட்டுவிட்டு அட்மிரல் நிலையைப் பழிப்பவர்கள் நிறைய. இரண்டாவது, சலுகை முதல் நாளிலிருந்தே முழுதாக வருகிறதா, ஆண்டுகள் செல்லச் செல்லப் படிப்படியாக ஏறுகிறதா என்பது. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஏறுமுகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வழிகாட்டி. உங்களைத் தோற்கடிப்பதில் பக்கத்துப் பேரரசைவிட அதற்குத்தான் பங்கு அதிகம் என்பேன். ஸ்டெல்லாரிஸ் 2016 மே மாதம் வெளிவந்தபோது கப்பல்கள் கனிமத்தால் கட்டப்பட்டன. கனிமத்தைக் குவித்தவன் கப்பலைக் குவித்தான். 2018 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பு அந்தப் பொருளாதாரத்தையே அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டு, அலாய் எனப்படும் உலோகக் கலவையைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து கப்பலுக்கு வேண்டியது அலாய். கனிமம் அதற்கான மூலப்பொருள் மட்டுமே. நீங்கள் படித்த வழிகாட்டி செத்துப்போன ஒரு விளையாட்டுக்கு எழுதப்பட்டது. தேதியையும் பதிப்பு எண்ணையும் நீக்கிவிட்டு, ‘உறுதியான வெற்றி’ என்ற தலைப்போடு இவற்றைத் திரும்பத் திரும்பப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்கிறவரின் ஐம்பது மணி நேரம் வீணாவதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. பதிப்பு எண் போடாத எந்த வழிகாட்டியையும் திறந்த உடனே மூடிவிடுங்கள். எண் போட்டிருந்தால் உங்கள் விளையாட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

கிடங்கு நிரம்பி வழிகிறது என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமையை விட்டுவிடுங்கள். கிடங்குக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்ட பிறகு வருவதெல்லாம் காற்றில் கரைகிறது. 6 கனிமத்தை உருக்கினால் 3 அலாய் என்பது உலோகத் தொழிலாளியின் அடிப்படைக் கணக்கு. உங்கள் கிடங்கில் தூங்கும் கனிமத்தை ஆலைக்கு அனுப்பியிருந்தால் அதில் பாதி அளவு அலாய் கிடைத்திருக்கும், எல்லையில் இன்னொரு படை நின்றிருக்கும். எதிரிக்கு விளைச்சல் கூடுதல் என்றால், விளைந்ததைச் சும்மா வைத்திருக்க உங்களுக்குக் கட்டுப்படியாகாது. செலவழிக்காத வளம் வளமே அல்ல.

மிஞ்சியதைச் சந்தையில் விற்றுவிடலாமே என்று தோன்றும். விற்கலாம், ஆனால் சந்தை ஒரு தரகன். அடிப்படைத் தரகு 30 விழுக்காடு. வாங்கும்போதும் பிடிக்கிறது, விற்கும்போதும் பிடிக்கிறது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கொட்டினால் விலை சரிந்து, மெதுவாகத்தான் மீளும். அவசரத்துக்கு வாங்குகிறவன் ஏறிய விலைக்கும் மேலே தரகு கொடுக்கிறான். கனிமத்தை விற்று அந்தப் பணத்தில் அலாய் வாங்குவது இரண்டு முறை தரகு கொடுப்பதற்குச் சமம், சொந்த ஆலை எப்போதும் மலிவு. விற்றுத்தான் தீர வேண்டுமென்றால், மாதந்தோறும் சிறிய அளவில் தானாக விற்கும் ஏற்பாட்டைப் போட்டுவிடுங்கள்.

அதிகக் கோள்கள் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். புதுக் காலனி முதல் சில ஆண்டுகளுக்குத் தின்னும், தராது. பேரரசு பெருக்கப் பெருக்க ஒவ்வொரு ஆராய்ச்சியின் விலையும் ஏறுகிறது. வேலைக்கு ஆள் இல்லாத கோளில் கட்டடம் எழுப்பினால் அதன் பராமரிப்புச் செலவு மட்டும்தான் மிச்சம்.

பக்கத்துப் பேரரசு ஏன் உங்கள் மீதே பாய்கிறது? அது உங்கள் படைபலத்தைத் தன் படைபலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. உங்கள் கிடங்கைப் பார்த்து அது பயப்படுவதில்லை. படை சிறிதாக இருந்தால் நீங்கள் சுலபமான இரை. ஆகவே, உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட படை அளவைக் கூடியவரை நிரப்பியே வைத்திருங்கள். ஆனால் தாண்டாதீர்கள், தாண்டினால் பராமரிப்புச் செலவு எகிறும். சண்டை இல்லாதபோது கப்பல்களை மாலுமிக் குடியிருப்பு கட்டிய விண்தளத்தில் நிறுத்துங்கள், செலவு குறையும். எதிரி வரக்கூடிய குறுகிய வழியில் ஒரு தளத்தை மட்டும் பலமாகக் கட்டுங்கள். ஐந்து தளங்களுக்குப் பிரித்துப் போடும் அலாய் எங்குமே உதவாது. அண்டை நாட்டோடு ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம் செய்துகொண்டால், நீங்கள் வளர்வதற்கு வேண்டிய அவகாசம் கிடைக்கும்.

போர் வந்தேவிட்டால் ஒரு நுணுக்கம் உங்கள் பக்கம் இருக்கிறது. சலுகை கணினிக்குத்தானே தவிர, கோளுக்கு அல்ல. எதிரியிடம் 6 பங்கு விளைந்த கோள் உங்கள் கைக்கு வந்தால் 4 பங்குதான் விளையும். ஏமாற்றமாக இருக்கும், ஆனால் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் பெறுவது 4, அவன் இழப்பது 6. முழுப் பேரரசையும் விழுங்க வேண்டியதில்லை. அவனுடைய நல்ல கோள்கள் இரண்டைப் பிடித்துக்கொண்டு சமாதானம் பேசினாலே அவன் வேகம் குறைந்துவிடும்.

‘பொருளாதாரத்தை முதலில் பெருக்கு, பெருக்கியதைப் படையாக்கு’ என்ற இந்த அறிவுரை பெரும்பாலான விண்வெளி உத்தி விளையாட்டுகளுக்குப் பொருந்தும். ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதில் மாட்டிக்கொண்டு மனம் வெறுத்துப்போனவர்கள் பலர். 2003இல் வந்த ஹோம்வேர்ல்ட் 2 விளையாட்டின் கதைப் பகுதி அது. அங்கே நிலையான கடினநிலை என்று ஒன்று கிடையாது. ஒரு கட்டத்தை முடித்து அடுத்ததற்குத் தாவும்போது உங்களிடம் எத்தனை கப்பல்கள் இருக்கின்றனவோ, அதைப் பொறுத்து எதிரியின் படையும் பெருக்கப்படுகிறது. சிக்கனமாக விளையாடி, ஒரு கப்பலும் இழக்காமல், பெரிய படையோடு தாவினால் அதைவிடப் பெரிய படை எதிரே நிற்கும். கவனக்குறைவாக விளையாடிப் பாதியை இழந்தவனுக்கு எதிரியும் பாதி! தோற்றுக்கொண்டிருப்பவர் கதையில் முன்னேற முடியாமல் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விளைவு, பொறுப்பாக விளையாடுகிறவனுக்குத் தண்டனை. இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி, கட்டம் முடியும் தறுவாயில் தங்கள் கப்பல்களைத் தாங்களே கலைத்து வளமாக்கிக்கொள்வது. சிறிய படையோடு தாவி, இறங்கிய பிறகு மறுபடியும் கட்டுவார்கள். வளம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை, கப்பலைத்தான் பார்க்கிறது. ஆக, ஸ்டெல்லாரிஸில் தூங்கும் வளம் முட்டாள்தனம் என்றால், ஹோம்வேர்ல்ட் 2இல் அதுவே காப்பு. இதை விளையாட்டு எங்கேயும் உங்களிடம் சொல்லாது. தன் உழைப்பே தனக்கு எதிராகத் திரும்புவதை ஆட்டக்காரர் தோற்றுத் தோற்றுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த வடிவமைப்பை எப்படிப் பாராட்டுவது?

டிரெய்னர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணினிக்குள் புகுந்து, ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டின் நினைவகத்தில் கை வைக்கும் நிரலுக்குத்தான் டிரெய்னர் என்று பெயர். அது இயங்குவதற்காக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். முகம் தெரியாத ஒருவருக்குப் பணமும் கொடுத்து, வீட்டுக் கதவையும் திறந்துவைத்து, காவலையும் அனுப்பிவிடுவது போன்ற காரியம் இது. கூடவே வேறு என்ன வருகிறது என்பது விற்கிறவருக்கே வெளிச்சம். இதில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம், அவர்கள் விற்கும் பொருள் உங்களிடமே இலவசமாக இருக்கிறது என்பதுதான். தனிநபர் கணினியில் விளையாடும் ஸ்டெல்லாரிஸில் கட்டளைப் பலகை ஒன்று உள்ளேயே இருக்கிறது. பழைய சேமிப்புக்குத் திரும்ப விடாத அயர்ன்மேன் முறையில் அல்லாத ஆட்டத்தில் எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் விசையை அழுத்தினால் திறக்கும். வேண்டிய வளத்தை அதில் எழுதிப் பெற்றுக்கொள்ளலாம். பரிசோதனைக்காகவோ, கெட்டுப்போன ஆட்டத்தைச் சரிசெய்யவோ அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ‘வெற்றி நிச்சயமான’ சேமிப்புக் கோப்புகளை விற்பவர்களுக்கும் இதே பதில்தான்.

அட்மிரலுக்கு ஒரேயடியாகத் தாவாமல் அடுத்த ஆட்டத்தைக் கமடோர் நிலையில் தொடங்குங்கள். ஆக்ரோஷம் நடுத்தரம், சலுகை ஏறுமுகம். 2230ஆம் ஆண்டு வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவைத்து, மாத வரவில் கனிமம் எவ்வளவு, அலாய் எவ்வளவு என்று பாருங்கள். கனிமம் மாதாமாதம் மிஞ்சிக்கொண்டே இருந்தால் உருக்காலை போதவில்லை, வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைக் கட்டுங்கள். அலாய் மிஞ்சினால் கப்பல்தளத்தில் வேலை கொடுங்கள். இரண்டும் மிஞ்சாமல் படை நிரம்பியிருந்தால், அட்மிரல் நிலைக்கு நீங்கள் தயார்.