நேற்று வாங்கிய டோனட்டை வீட்டில் மறுபடி மெத்தென்று சூடாக்குவது எப்படி?

டோனட் ஒரே நாளில் விறைத்துப் போவதற்கு ஈரம் வற்றுவது மட்டும் காரணமில்லை. மாவிலுள்ள ஸ்டார்ச் ஆற ஆற மீண்டும் இறுகிக்கொள்கிறது. சூடு பட்டால் அந்த இறுக்கம் தளரும்; ஆறினால் திரும்பவும் இறுகும். அதனால் சாப்பிடப் போகும் நேரத்தில், சாப்பிடும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள்.

ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த, மேலே சர்க்கரைப் பூச்சு (கிளேஸ்) உள்ள டோனட்டுக்கு மைக்ரோவேவே போதும். ஒன்றுக்கு 8 முதல் 10 விநாடி. "இன்னும் கொஞ்சம்" என்று கை நீள்வதுதான் ஆபத்து: 20 விநாடி தாண்டினால் சர்க்கரைப் பூச்சு உருகி வழியும், உள்ளே ரப்பர் மாதிரி இழுக்கும்.

ஈஸ்ட்டுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டுச் செய்யும் கேக் வகைக்கு ஓவன் நல்லது. 175 டிகிரி செல்சியஸில் 4, 5 நிமிடம் வைத்தால் வெளியே லேசான மொறுமொறுப்பு திரும்ப வரும். ஏர் ஃபிரையரில் இன்னும் சீக்கிரம் ஆகிவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள். சாக்லேட் பூச்சு இருந்தால் இதெல்லாம் வேண்டாம், அசிங்கமாக ஒழுகும்.

கிரீம் அடைத்ததை நான் சூடாக்கவே மாட்டேன். அது ஃபிரிட்ஜில் இருந்தாக வேண்டியது. மற்றவற்றை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் வேகமாக இறுகும். மூடிய டப்பாவில் வெளியிலேயே ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃபிரீசர்.