கராகுச்சி என்றால் காரமா?

தம்பி, டோக்கியோ வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஆட்களோடு இசகாயாவுக்கு, அதாவது மதுவோடு சிறு உணவும் கிடைக்கும் கடைக்குப் போகிறோம், மேலாளர் 'கராகுச்சி' சாக்கே (ஜப்பானிய அரிசி மது) குடிப்பவராம், அது காரமாக இருக்குமா, கூட என்ன சாப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

காரம் இல்லை. இங்கே மிளகாய்க்கும் 'கராய்' என்பார்கள், இனிப்பு தூக்கலாக இல்லாத மதுவுக்கும் அதே சொல்தான், 'கராகுச்சி' அதிலிருந்து வந்ததுதான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு வாய் குடித்துவிட்டு 'எங்கே காரம்?' என்று கேட்டு மேசையையே சிரிக்க வைத்தேன். அப்புறம், 'சாக்கே' என்றால் இவர்களுக்குப் பொதுவாக எந்த மதுவும்தான், அரிசி மது வேண்டுமென்றால் கடையில் 'நிஹோன்ஷு' என்று கேளுங்கள்.

பாட்டில் பின்னால் சில சமயம் 'நிஹோன்ஷுதோ' என்று ஓர் எண் இருக்கும். பிளஸ் ஏற ஏற கராகுச்சி, மைனஸ் என்றால் இனிப்புப் பக்கம். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், புளிப்பு கூடினாலும் குறைந்தாலும் அதே எண் நாக்கில் வேறு மாதிரி தெரியும்.

எனக்கு இது பிடிபட்டது நீகாத்தா மாகாணத்தில். எச்சிகோ யுசாவா ரயில் நிலையத்துக்குள்ளேயே போன்ஷுகான் என்று ஓர் இடம், நான் போனபோது 500 யென் கொடுத்தால் ஐந்து வில்லையும் ஒரு குட்டிக் கிண்ணமும் கொடுத்தார்கள், சுவர் முழுக்க இயந்திரம், வில்லையைப் போட்டால் ஒரு வாய் அளவு ஊற்றும். நீகாத்தா சரக்கு லேசான கராகுச்சிக்குப் பேர் போனது. முதல் கிண்ணம் எனக்கு வெறும் தண்ணீரில் கொஞ்சம் எரிச்சல் கலந்த மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் வகை வகையாக உப்பு வைத்திருந்தார்கள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துக்கொண்டு அதையே மறுபடி உறிஞ்சினேன், அப்போதுதான் அடியில் சோறு வடித்த கஞ்சி மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு மேலே வந்தது. கராகுச்சியைத் தனியாகக் குடித்துவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லக் கூடாது, அது உப்போடு சேரப் பிறந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை யாக்கிதோரி (குச்சியில் குத்திச் சுட்ட கோழி) சொல்லும்போது 'ஷியோ', அதாவது உப்புப் போட்டது என்று சொல்லுங்கள். இனிப்புக் குழம்பு தடவிய 'தாரே' வந்தால் கராகுச்சி அதன் முன்னால் சப்பென்று ஆகிவிடும். உப்புப் போட்டுச் சுட்ட சபா (கானாங்கெளுத்தி) மீன், கூடவே துருவிய முள்ளங்கி, அதை அடிக்க ஆள் இல்லை. சுட்ட காய்ந்த கணவாயும் கேட்டுப் பாருங்கள், நம்ம கருவாடு பிடித்தவர்களுக்கு உடனே ஒத்துப்போகும். சைவமா? எதாமாமே, அதாவது வேகவைத்த பச்சை சோயா பீன்ஸ் இருக்கிறது. ஹியாயாக்கோ என்ற குளிர்ந்த டோஃபு மேல் மீன் சீவல் தூவி வரும், 'கட்சுவோபுஷி நுக்கி' (மீன் சீவல் வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் நம்ம சாப்பாட்டோடு குடித்துப் பார்த்தேன். மிளகாய் சேரவே சேராது, வாய் எரியும்போது ஆல்கஹால் மட்டும்தான் தெரிகிறது. பொருந்தியவை சுட்ட அப்பளமும் உப்பு நார்த்தங்காயும். மிளகாய்த்தூள் போடாத மீன் வறுவலும் பொருந்தும், ஆனால் அதற்கு வீட்டில் திட்டு விழுகிறது.

குளிர்காலத்தில் ஓதென் (முள்ளங்கி, முட்டை, மீன் உருண்டையெல்லாம் சாற்றில் வேகவைத்தது) சாப்பிட்டால் 'நுருகான்' கேளுங்கள், 40 டிகிரி அளவுக்கு இளஞ்சூடாகக் கொண்டு வருவார்கள். சில்லென்று குடிக்கும்போது முறைப்பாக இருந்த சரக்கு சூட்டில் இளகிவிடும்.

உங்கள் கிண்ணத்துக்கு நீங்களே ஊற்றாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றினால் அவர் உங்களுக்கு ஊற்றுவார். சில கடையில் மரப்பெட்டிக்குள் கண்ணாடி டம்ளரை வைத்து வழிய வழிய ஊற்றுவார்கள். தூக்கினால் மேலெல்லாம் கொட்டும், முதல் வாய்க்கு வெட்கப்படாமல் குனிந்து உறிஞ்சுங்கள், மேலாளரும் அப்படித்தான் செய்வார். இனிப்பு இல்லாததால் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது, ஆனால் 15, 16 சதவீதம் ஆல்கஹால், ஒரு 'கோ' என்பது 180 மில்லி. அதே அளவு தண்ணீரும் குடியுங்கள். குடிக்க மனம் இல்லையா, ஊலாங் தேநீர் வாங்கிக்கொண்டால் போதும்.

இன்னொன்று, இங்கே நிலையத்துக்கு சைக்கிளில் போய் வருவது நமக்குப் பழக்கம். 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டி அளவு மீறிப் பிடிபட்டால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். அன்றைக்கு மட்டும் சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும்.