நுரையீரலைக் கழுவும்போது ஆக்சிஜன் குறைந்தால்?

உங்கள் அண்ணனுக்கு அல்வியோலார் புரோட்டினோசிஸ் (நுரையீரலின் காற்றுப்பைகளில் புரதமும் கொழுப்பும் கலந்த பொருள் தேங்கும் நோய்); படுத்திருக்கும்போதே ஆக்சிஜன் தேவைப்படுகிறது; நுரையீரலைக் கழுவும்போது தாங்குவாரா, மருத்துவர் எக்மோ (உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி) பற்றிப் பேசியது கைவிட்டதற்கு அடையாளமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைவிட்டதாக நினைக்க வேண்டாம். முன்யோசனையுள்ள மருத்துவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முழு மயக்கத்தில் மூச்சுக்குழாயில் இருவழிக் குழாய் போட்டு இரண்டு நுரையீரல்களையும் பிரித்துவிடுவார்கள். ஒன்றுக்கு வென்டிலேட்டர் 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்கும். மற்றதில் உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய சலைனை, ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1 லிட்டர் வரை விட்டு வடிப்பார்கள். முதல் பாட்டில்களில் பால்போல் வெள்ளையாக வரும், போகப்போகத் தெளியும்.

நிரப்பும்போதுதான் மூச்சு முட்டும் என்று நினைப்போம். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். நிரம்பிய நீரின் அழுத்தம் அந்தப் பக்கத்து இரத்தத்தை, காற்று போகும் நுரையீரலுக்குத் தள்ளுவதால் ஆக்சிஜன் அளவு சற்று ஏறும். வடிக்கும்போது இரத்தம் திரும்பிவந்து ஆக்சிஜன் கிடைக்காமலே சுற்றும், அளவு இறங்கும். அந்த இறக்கம் எதிர்பார்த்ததுதான். நீர் மறுபக்கம் கசிந்தால் உடனே நிறுத்த வேண்டியிருக்கும். குழாயின் இருப்பிடத்தை பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் கேமராக் குழாய்) வைத்துச் சரிபார்ப்பது அதற்காகத்தான்.

ஒற்றை நுரையீரலால் சமாளிக்க முடியாதவர்களுக்கு எக்மோ இரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும். இரத்தக் கசிவு, தொற்று அபாயம் உண்டு. ஆகவே எல்லோருக்கும் போடுவதில்லை.

மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பக்கம் முதலில்? எக்மோவைத் தொடக்கத்திலேயே போடுவார்களா, தயாராக மட்டும் வைத்திருப்பார்களா? வழக்கமாக அதிகம் பாதித்த பக்கத்தை முதலில் கழுவுவார்கள், நல்ல பக்கம் மூச்சைத் தாங்கட்டும் என்று.