சருகுக்குள் இருந்த கூன்வண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கானா நாட்டின் அட்டேவா மலைக்காட்டுச் சருகிலிருந்து வந்த ஒரு கூன்வண்டை (மூக்கு நீண்ட வண்டு வகை) புதிய இனமாக அறிவிக்கும் விவரணையை எழுதிக்கொண்டிருப்பதாக ஒரே ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை வண்டுக்கு மட்டும் இடம் கொடுக்கிறேன்.

சருகுக் குவியலுக்குள் இரண்டு மில்லிமீட்டர் வண்டை எப்படித் தேடுவார்கள்? கண்ணுக்குத் தெரியுமா? (பள்ளி மாணவி ஒருவர்)

கண்ணால் தேடினால் கிடைக்காது, கண்ணே. தொட்டால் காலையும் மூக்கையும் மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். மண் துணுக்குக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் சருகை மேல்மண்ணோடு அள்ளிச் சலித்துவிடுகிறார்கள். அடியில் துணிப்பை கட்டிய சல்லடை அது. பெரிய இலையும் குச்சியும் மேலே நின்றுவிடும், பொடிச்சருகு பைக்குள் இறங்கும். அந்தப் பொடியை வலைப்பையில் நிரப்பி, இன்னொரு பெரிய துணிப்பைக்குள் நிழலில் தொங்கவிடுவார்கள். அடியில் சாராயம் ஊற்றிய கிண்ணம். இரண்டு மூன்று நாளில் சருகு உலர உலர, ஈரம் தேடி அலையும் உயிர்கள் வலைக்கண் வழியாகக் கிண்ணத்தில் விழும். இதற்கு விங்க்ளர் பை என்று பெயர். மின்சாரம் தேவையில்லை என்பதால் நடுக்காட்டிலும் மரக்கிளையில் கட்டிவிடலாம்.

எனக்கு வந்த கிண்ணத்தில் எறும்பு, உண்ணி, பொய்த்தேள், கரையான் எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே 9 கூன்வண்டுகள்.

அது புதிய இனம்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

என் நாட்களில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குத்தான் போகிறது, ஐயா. வண்டைப் பார்த்த மாத்திரத்தில் புதியது என்று யாராலும் சொல்ல முடியாது. இதுவரை பெயர் பெற்ற எதுவும் இது அல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வரவேண்டும். கூன்வண்டுக் குடும்பத்தில் பெயர் பெற்ற இனங்கள் 50,000க்கும் மேல்.

முதல் நாள் கழுவுவதிலேயே போயிற்று. சருகில் வாழும் கூன்வண்டுகளின் மேல் மண் சாந்துபோல் அப்பியிருக்கும். வெந்நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு ஊறவைத்து, நான்கைந்து மயிர் மட்டும் மீதம் வைத்து வெட்டிய தூரிகையால் மெல்லத் தள்ளினேன். ஒரு அழுத்தம் கூடினால் செதிலும் மண்ணோடு போய்விடும். மண் விலகியதும் இறக்கை உறையின் மேல் வரிசை வரிசையாகக் குழிகள் தெரிந்தன, வரிசைகளுக்கு இடையில் கரண்டி வடிவச் செதில்கள் நிமிர்ந்து நின்றன. இறக்கை உறைகள் இரண்டும் நடுவில் ஒட்டிப்போயிருந்தன, அவற்றின் அடியில் பறக்கும் இறக்கை இல்லை. கண் மிகவும் சிறுத்திருந்தது. பூச்சியின் கண் பல சிறு வில்லைகள் சேர்ந்தது. எண்ணிப் பார்த்தேன், இதற்கு 12 வில்லைகள்தான். இருட்டில் வாழ்கிற உயிருக்கு அது போதும்.

அடுத்தது ஆணுறுப்பு. வெளித்தோற்றத்தில் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்களை இது பிரித்துக் காட்டிவிடும். வண்டை ஊறவைத்து வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தசை கரைந்து, கெட்டியான பாகம் மட்டும் மிஞ்சும். கிளிசரின் சொட்டில் அதைப் புரட்டிப் பார்த்தேன். தேன் நிறத்தில் வளைந்த ஓடம்போல் இருந்தது. அதன் நுனி, இந்தப் பேரினத்தில் நான் பார்த்த எதிலும் இல்லாதபடி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. 4 ஆண்களிலும் அதே சாய்வு. ஒன்றில் மட்டும் இருந்திருந்தால் ஊனம் என்று ஒதுக்கியிருப்பேன்.

அப்போதும் வேலை முடியவில்லை. பழைய விவரணை ஒன்று மூன்று வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. கறுப்பு, சொரசொரப்பு, கால் செம்பழுப்பு என்று நாலு வரி லத்தீன். என் வண்டுக்கும் பொருந்தும், இன்னும் நூறு வண்டுக்கும் பொருந்தும். அந்தப் பெயருக்கு ஆதாரமாக இருப்பது ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றிலுள்ள ஒரே ஒரு வண்டு. படம் கேட்டு எழுதினேன். வந்த படத்தில் இருந்தது பெண். ஆணுறுப்பை வைத்து ஒப்பிட வழியில்லை. கடைசியில் உணர்கொம்புதான் கைகொடுத்தது. முழங்கைபோல் மடங்கும் இடத்துக்கும் நுனிக் குமிழுக்கும் நடுவே என் வண்டுக்கு 7 கணுக்கள், அதற்கு 6. என்னிடமிருந்த 5 பெண்களிலும் எண்ணினேன், ஏழேதான். அன்று மாலைதான் ‘புதிய இனம்’ என்று கோப்பின் மேல் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கக் கூன்வண்டுகளைப் படிக்கிற எவரும் சர் கை மார்ஷலின் பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1959இல் மறைந்த அந்த ஆங்கிலேயர் 2,000க்கும் மேற்பட்ட கூன்வண்டு இனங்களை விவரித்தவர். இப்படி முன்னோர் எழுதியவற்றைப் படிக்காமல் புதிய பெயர் வைத்தால், ஒரே வண்டுக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். அந்தச் சிக்கலை அவிழ்க்க அடுத்த தலைமுறையில் ஒருவர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

புகைப்படமும் மரபணுவும் இருக்கும் காலத்தில் அந்த உயிரைக் கொன்று ஊசியில் குத்த வேண்டுமா?

இதை எழுதியவரின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. மரபணுவையும் நான் பயன்படுத்துகிறேன். ஒரு கால் போதும், விலங்குகளை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் 658 எழுத்துத் துண்டு கிடைத்துவிடும். ஆனால் மேலே சொன்ன பழைய பெண் வண்டின் மரபணுவை யாரும் படித்ததில்லை. உடம்பை உடம்போடு ஒப்பிட்டால்தான் பழையதையும் புதியதையும் இணைக்க முடியும்.

விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்பும், 1999க்குப் பிறகு வெளியாகும் ஒவ்வொரு புதிய இனத்துக்கும் பெயரைத் தாங்கும் மாதிரி வெளிப்படையாகக் குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது. அந்த ஒற்றை மாதிரியை ஹோலோடைப் என்கிறோம். நாளை யார் சந்தேகப்பட்டாலும் போய்ப் பார்க்க வேண்டியது அதைத்தான். இத்தனை சிறிய வண்டை ஊசியில் குத்த முடியாது. முக்கோணமாக வெட்டிய அட்டை நுனியில் ஒட்டி, அந்த அட்டையைத்தான் ஊசியில் ஏற்றுகிறோம். கீழே இடம், உயரம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு, ஹோலோடைப் என்றால் அதற்கும் கீழே அதைக் காட்டும் சிவப்புச் சீட்டு. 9 வண்டுகளையும் அனுமதி பெற்று எடுத்தவர்கள் கானா ஆய்வு மாணவர்கள். ஹோலோடைப் அவர்கள் நாட்டுக்கே திரும்பப் போகிறது. இந்த ஏற்பாட்டில் நான் பிடிவாதமாக இருந்தேன். மேற்கு ஆப்பிரிக்க வண்டு ஒன்றைச் சரிபார்க்க மேற்கு ஆப்பிரிக்க மாணவர் ஐரோப்பாவுக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும் நிலை நியாயமில்லை.

என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? உங்கள் பெயரா?

விவரணை எழுதுபவர் தன் பெயரையே சூட்டிக்கொள்வது மரபில்லை. வைத்திருக்கும் பெயரை இப்போது சொல்லவும் மாட்டேன். முறையான விவரணைக்கு முன்பே பெயர் மட்டும் அச்சேறினால், அது செல்லாத வெற்றுப் பெயராகச் சுற்றிக் குழப்பம் உண்டாக்கும்.

இவ்வளவு உழைப்பால் யாருக்கு என்ன பயன்?

இந்த வண்டால் பயன் உண்டு என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வேறொரு மேற்கு ஆப்பிரிக்கக் கூன்வண்டைப் பற்றிச் சொல்கிறேன். எண்ணெய்ப்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மலேசியாவுக்குப் போன மரம். அங்கே காய் சரியாகப் பிடிக்கவில்லை. கூலியாட்கள் பூங்கொத்துகளுக்கு மகரந்தத்தைக் கையால் தூவிக்கொண்டிருந்தார்கள். சையது என்ற பூச்சியியலாளர் கேமரூன் தோட்டங்களில் உட்கார்ந்து கவனித்தார். காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது என்ற பழைய நம்பிக்கைக்கு மாறாக, அங்கே அந்த வேலையைச் செய்தவை ஆண் பூங்கொத்தில் மொய்க்கும் சின்னக் கூன்வண்டுகள். அவற்றில் எலைடோபியஸ் கேமரூனிக்கஸ் என்ற இனம் 1981இல் மலேசியாவில் விடப்பட்டது. கையால் தூவும் வேலை நின்றுபோனது. அந்த வண்டுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் பெயரிட்டு வைத்திருந்தார். எதற்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

இறக்கை இல்லையென்றால் அடுத்த காட்டுக்கு அது எப்படிப் போகும்?

போகாது. எனக்கு வந்த கடிதங்களில் மிக நல்ல கேள்வி இது. கினியா, சியரா லியோனில் தொடங்கும் மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடு கானாவைத் தாண்டி அறுந்துபோகிறது. டோகோ, பெனின் நாடுகளில் புல்வெளி கடற்கரை வரை இறங்கிவிடுகிறது. அந்த வறண்ட இடைவெளிக்கு டஹோமே இடைவெளி என்று பெயர். ஈரச்சருகை விட்டு வெளியே வந்தால் உலர்ந்து சாகும் வண்டு அதைக் கடக்காது. காட்டுக்குள்ளேயும், பழங்கால வறட்சி யுகங்களில் ஈரம் தங்கிய மலைகள் தீவுகள்போல் தனித்து நின்றன. அதனால் மலைக்கு மலை இனம் மாறுகிறது.

அட்டேவா அப்படிப்பட்ட மலை. பிரிம், டென்சு, அயென்சு ஆறுகள் அங்கேதான் பிறக்கின்றன. அதன் மேட்டில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் இருக்கிறது. பாக்சைட் எடுக்க மேல்மண்ணைச் சுரண்டியாக வேண்டும், என் வண்டு வாழ்வதோ அந்த மேல்மண்ணின் மேலுள்ள சில அங்குலச் சருகில். கினியா, ஐவரி கோஸ்ட், லைபீரியா மூன்றும் சந்திக்கும் நிம்பா மலையிலும் இதே நிலைதான். 1981 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம், உள்ளே இரும்புத்தாது, 1992 முதல் அழியும் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில். அந்த மலையின் சருகில் கிடைத்த, இதே பேரினத்து வண்டு ஒன்றும் என் மேசையில் இருக்கிறது. அதன் தொடையில் ஒரு சிறிய பல் உண்டு, அட்டேவா வண்டுக்கு அது இல்லை. இன்னும் அதன் மண்ணைக் கழுவி முடிக்கவில்லை.