ஜன்னல் பழசு, சுவர் புதுசு

கணினி கேள்வி–பதில்

இந்த முறை ஒரே கடிதம் பக்கத்தின் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. மற்ற மூன்று பேருக்கும் சுருக்கமாகத்தான் பதில். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: வணக்கம் சேர். 2006ஆம் ஆண்டு ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாட்களில் என் அண்ணன் லினக்ஸில் ஓடும் ஐஸ்டபிள்யூஎம்முக்கு ஒரு தீம், அதாவது ஜன்னல்களுக்கான தோற்றம், வரைந்தார். தலைப்புப் பட்டை சாயத்தண்ணி நிறம். மூடும் பொத்தானில் ரெண்டு இலை, ஒரு மொட்டு. அந்த பென்டியம் 3 போய்ச் சேர்ந்து பல வருசமாகிவிட்டது. சீடி மட்டும் தகரப்பெட்டியில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது, கழுவித் துடைத்துக் கோப்புகளை எடுத்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது 14 அங்குல செகண்ட் ஹேண்ட் லெப்டொப், திரை 1366க்கு 768. அதில் லினக்ஸும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப்பும் போட்டிருக்கிறேன். அண்ணனின் ஃபோல்டரைத் தீம்கள் இருக்கும் இடத்தில் வைத்தேன். பட்டியலில் பெயர்கூட வரவில்லை. தைப்பொங்கலுக்கு அவர் கட்டாரிலிருந்து வருகிறார். அதற்குள் முடியுமா?
— ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: முடியும் தங்கச்சி. நீங்கள் அனுப்பிய ஃபோல்டரைக் கடை மெசினில் போட்டு, இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெயர் ஏன் வரவில்லை என்பது முதலில். லினக்ஸில் ஜன்னலைச் சுற்றியுள்ள சட்டத்தை வரைவது சாளர மேலாளர் என்ற தனி நிரல். ஐஸ்டபிள்யூஎம் ஒன்று, எக்ஸ்எஃப்சிஇயின் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 இன்னொன்று. படங்களுக்கு என்ன பெயர், எத்தனை துண்டு, எந்தக் கோப்பில் அளவு எழுத வேண்டும் என்று ஆளுக்கொரு வழக்கம். லயத்துக் காம்பராவின் பலகை ஜன்னலைக் கழற்றிக்கொண்டுபோய் டவுன் வீட்டு அலுமினியச் சட்டத்தில் வைத்தால் பிணைச்சல் எங்கே போய்ப் பூட்டும்? பலகை நல்ல பலகைதான். பிணைச்சலைத்தான் மாற்ற வேண்டும்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், இரண்டுமே எக்ஸ்பிஎம் படங்களை ஏற்கும். 1989இல் பிறந்த இந்த வடிவம் வெறும் எழுத்துக் கோப்பு. மவுஸ்பேட் என்ற எழுத்துத் திருத்தியில் திறந்தால் படத்தை வரிவரியாகக் கண்ணால் வாசிக்கலாம். பின்னால் இதுதான் கைகொடுக்கப் போகிறது.

வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் ‘.தீம்ஸ்’ என்ற மறைவான கோப்புறை இருக்கும், இல்லாவிட்டால் நீங்களே உருவாக்குங்கள். அதற்குள் தீமின் பெயரில் ஒன்று, அதற்கும் உள்ளே ‘எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4’ என்று சிறிய ஆங்கில எழுத்தில் ஒன்று. நீங்கள் தவறவிட்டது இந்தக் கடைசிப் படியை. மறைவான கோப்புறையைத் துனார் என்ற கோப்பு மேலாளரில் பார்க்க கண்ட்ரோலும் எச்சும்.

இனிப் பெயர் மாற்றம். ஐஸ்டபிள்யூஎம்மில் ‘ஃபிரேம்’ என்று தொடங்குபவை ஓரங்களும் மூலைகளும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏ என்ற எழுத்து வந்தால் முன்னால் நிற்கும் ஜன்னல், ஐ வந்தால் பின்னால் போன ஜன்னல். எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4இல் அதையே ஆக்டிவ், இனாக்டிவ் என்று நீட்டி எழுதுவார்கள். ‘டைட்டில்’ துண்டுகள் இங்கே ஐந்து: 3ஆவது எழுத்துக்கு அடியில் வருவது, 1உம் 5உம் இரு பக்கப் பொத்தான்களுக்கு அடியில், 2உம் 4உம் நடுவே ஒட்டுப்போடுபவை. உங்கள் அண்ணன் பட்டை முழுக்க ஒரே நிறம் வைத்திருப்பதால் ஒரே படத்தை ஐந்து பெயரில் நகல் எடுத்தால் போதும்.

நான் சறுக்கிய இடம் பொத்தான்கள். ஐஸ்டபிள்யூஎம்மில் ஒரு பொத்தானுக்கு ஒரே படம், மேல் பாதி சும்மா இருக்கும் நிலை, கீழ்ப் பாதி அழுத்திய நிலை. எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 அவற்றைத் தனித்தனிக் கோப்பாகக் கேட்கும். அப்படியே வைத்தேன். ஒரு கொழுந்துக்குக் கீழே இன்னொரு கொழுந்து தொங்கி, பட்டைக்கு வெளியே அரைவாசி வெட்டுப்பட்டு நின்றது. கிம்ப் என்ற பட நிரலில் இரண்டாக வெட்டுங்கள். மேல் பாதிக்கு ‘குளோஸ்-ஆக்டிவ்’, கீழ்ப் பாதிக்கு ‘குளோஸ்-பிரெஸ்டு’ என்று பெயர். இன்னொரு பொறி: சிறிதாக்கும் பொத்தானுக்கு அண்ணனின் ஃபோல்டரில் ‘மினிமைஸ்’ என்றுதான் பெயர். இங்கே அது ‘ஹைட்’. ஜன்னலைச் சுருட்டும் ‘ரோலப்’ இங்கே ‘ஷேட்’. பெயரைத் தப்பாக வைத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, பொத்தான்தான் வராது. அரை மணித்தியாலம் என்னையே நான் திட்டிக்கொண்டது இதற்காக.

மேல் விளிம்புக்கு அண்ணன் 3 பிக்சலில் தனிக் கீற்று வைத்திருக்கிறார், அதற்குக் கீழே 16 பிக்சல் தலைப்புப் பட்டை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி 19 பிக்சல் படமாக்கிவிடுங்கள். இமேஜ்மேஜிக் என்ற படக் கருவி இருந்தால் ‘அப்பெண்ட்’ கட்டளை ஒரே வரியில் செய்துவிடும். அழகு பார்க்கிறேன் என்று சிலவற்றைப் பிஎன்ஜியாகவும் சேமிக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டும் கிடந்தால் எக்ஸ்பிஎம் மேல் பிஎன்ஜி படியும், நீங்கள் எதைத் திருத்தினாலும் பழைய படமே மேலே நிற்கும்.

அளவுகளும் நிறங்களும் ‘தீம்ஆர்சி’ என்ற கோப்பில். அண்ணனின் கோப்பில் எழுத்து நிறம் ஆர்ஜிபி என்று தொடங்கிச் சாய்கோடு போட்டுப் பிரிந்திருக்கும். சாய்கோடுகளை எடுத்துவிட்டு முன்னால் ஹேஷ் குறி போட்டால் இங்கே செல்லும். பொத்தான்களின் வரிசை ‘பட்டன் லேஅவுட்’ என்ற வரியில், ஓர் எழுத்துக்கு ஒரு பொத்தான், நடுவே நிற்கும் செங்குத்துக் கோடுதான் தலைப்பு.

இவ்வளவும் ஒரு மாலை வேலை. இதோடு நிறுத்தியிருந்தால் இரண்டாவது இரவு தேவைப்பட்டிருக்காது.

தீம் ஏறியது, சாயத்தண்ணி நிறம் வந்தது, எனக்கே சந்தோசம். கடைக் கணக்குக் கோப்பைத் திறந்தேன். பெயர் ‘கொழுந்துக் கணக்கு’. தலைப்பில் ‘ழு’வுக்கும் ‘து’வுக்கும் கால் இல்லை. ‘க்’குக்கு மேலே புள்ளி இருந்த இடத்தில் பொட்டுக்கூட இல்லை. இந்த மாதிரித் தீம்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துப் போட்டவை. அதில் கீழே இறங்குவது ஜி, பி, வை மாதிரி நாலைந்து எழுத்துகள்தான், அதுவும் கொஞ்சம். நம் எழுத்துக்கு மேலேயும் இடம் வேண்டும், கீழேயும் இடம் வேண்டும். 2006இல் அண்ணனின் மெசினில் தலைப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடியிருக்கும், அவர் கண்ணில் இது பட்டிருக்காது.

எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 எழுத்துக்காகப் பட்டையை உயர்த்தாது. படம் எவ்வளவு உயரமோ பட்டையும் அவ்வளவு உயரம். எழுத்தைச் சின்னதாக்கினால் தீரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜன்னல் சின்னதென்று ஆளைக் குனியச் சொல்வதா? பட்டையை உயர்த்துங்கள்.

இங்கேதான் எக்ஸ்பிஎம்மின் அருமை. மவுஸ்பேடில் பட்டைப் படத்தைத் திறங்கள். மேற்கோள் குறிக்குள் நான்கு எண்கள் உள்ள வரி வரும்: 1 19 5 1. அகலம், உயரம், நிறங்களின் எண்ணிக்கை, ஒரு பிக்சலுக்கு எத்தனை எழுத்து. 19ஐ 26 ஆக்குங்கள். கீழே படத்தின் வரிகளில் நடுவிலுள்ள, ஒரே நிறமான ஒரு வரியை ஏழு தடவை நகல் எடுத்து அதே இடத்தில் ஒட்டுங்கள். சேமியுங்கள். முடிந்தது. மேலேயுள்ள வெளிச்சக் கோடும் கீழேயுள்ள இருட்டுக் கோடும் அண்ணன் வைத்தபடியே இருக்கும், நடு மட்டும் நீளும். கிம்ப்பில் முழுப் படத்தையும் இழுத்துப் பெரிதாக்கினால் அந்த இரண்டு கோடுகளும் கலங்கிவிடும். மேல் மூலைகள் இரண்டுக்கும் அதே ஏழு வரி, அதே இடத்தில். பொத்தான்களைத் தொடாதீர்கள், அவை தாமாகவே பட்டையின் நடுவில் போய் நிற்கும்.

ஏன் 26? அண்ணனின் பழைய திரை 15 அங்குலம், 1024க்கு 768 என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு பிக்சல் சுமார் 0.3 மில்லிமீட்டர், ஆகவே 19 பிக்சல் 5.7 மில்லிமீட்டர் வரும். உங்கள் லெப்டொப்பில் ஒரு பிக்சல் 0.23 கூட இல்லை. அதே 19 இங்கே 4.3 மில்லிமீட்டராக ஒடுங்கிவிட்டது. 26 வைத்தால் 5.9. அண்ணன் அன்று கண்ணால் பார்த்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட அதேதான், நம் எழுத்துக்கும் காலும் புள்ளியும் திரும்பிவிடும். 14 அங்குலத்தில் 1920க்கு 1080 திரை வைத்திருப்பவர்கள் வரி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம், பொத்தான் உட்பட எல்லாப் படங்களையும் சரியாக இரண்டு மடங்காக்குங்கள். கிம்ப்பில் இடைக்கணிப்பை ‘ஒன்றுமில்லை’ என்று வைக்க வேண்டும். ஒன்றரை மடங்கு மட்டும் வேண்டாம், சில பிக்சல் இரட்டிக்கும், சில இரட்டிக்காது, இலை நரம்பெல்லாம் கோணலாகும்.

திருத்தியது உடனே தெரியாவிட்டால் வேறொரு தீமைத் தெரிவுசெய்து மறுபடி இதற்கு வாருங்கள்.

அந்தக் காலத்தில் ஐஸ்டபிள்யூஎம்மைத் தேடிப்போனது ஆசைக்கல்ல. ஹட்டனில் நான் வகுப்பு நடத்திய அறையில் ஒவ்வொரு மெசினிலும் 128 எம்பி நினைவகம், அதில் வேறெதுவும் நகராது. உபுண்டு என்ற லினக்ஸின் சீடியை ஷிப்இட் என்ற திட்டத்தின் மூலம் இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள், 2011இல் அது நின்றது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தபால் வருவது தோட்ட ஆபீசுக்கு. ஒரு மாணவனிடம் கணக்கப்பிள்ளை உறையைத் தூக்கிக் காட்டி, “என்ன தம்பி, வெளிநாட்டுப் பாட்டா?” என்று கேட்டாராம். அவன் “ஆமாங்க” என்று சொல்லி வாங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

ஒரு விசயம் தங்கச்சி. அண்ணனின் அமைப்புக் கோப்பில் தீமின் விளக்கம், ஆக்கியவர் பெயர் என்று இரண்டு வரிகள் உண்டு, பார்த்தீர்களா தெரியாது. விளக்க வரியில் ஆங்கில எழுத்தில் தமிழாக, ‘நாலு நாளா மழை’ என்று எழுதியிருக்கிறார். இரண்டு வரிகளையும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பாகப் புதிய ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.

கேள்வி: லினக்ஸின் கேடிஇ டெஸ்க்டொப்பில் இருந்த பழைய கெராமிக் தோற்றத்தை அதன் புதிய பதிப்பான பிளாஸ்மா 6இல் கொண்டுவர எந்தக் கோப்பை எங்கே நகலெடுக்க வேண்டும்?
— பண்டாரவளை வாசகர்

பதில்: நகலெடுக்க ஒன்றுமில்லை. 2003 ஜனவரியில் வந்த கேடிஇ 3.1இல் அதுதான் இயல்பான தோற்றம். ஆனால் அது படக் கட்டு அல்ல, சி++இல் எழுதித் தொகுத்த நிரல். அடித்தளம் பல தடவை மாறிவிட்டது. 2025 பெப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6.3இல்கூட சட்டம் வரையும் நூலகம் புதிதாகி, சி++இல் எழுதியவர்கள் மறுபடி திருத்த வேண்டி வந்தது. நீங்கள் நிரலாளர் இல்லையென்றால், படங்களால் சட்டம் அமைக்க விடும் அரோரே வழிதான். எஸ்விஜி என்ற பட வடிவில் நீங்களே வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் அது கேட்கும் அடையாளப் பெயரை இங்க்ஸ்கேப் என்ற வரைதல் நிரலில் கொடுக்க வேண்டும். அமைப்புக் கோப்பின் பெயர் கோப்புறையின் பெயரேதான், கடைசியில் ஆர்சி சேர்த்து. ஓர் எழுத்துப் பிசகினாலும் உங்கள் அளவுகளை அது படிக்காது.

கேள்வி: க்னோம் டெஸ்க்டொப்பின் பழைய சாளர மேலாளரான மெட்டாசிட்டிக்குரிய தீம்கள் என்னிடம் நிறைய உள்ளன. இப்போதைய க்னோமில் ஏறமாட்டேன் என்கின்றன. எறிந்துவிடவா?
— பதுளை வாசகர்

பதில்: எறியாதீர்கள். இன்றைய க்னோம் அவற்றைப் படிப்பதில்லை, ஆனால் மேட் என்ற இன்னொரு டெஸ்க்டொப்பின் சாளர மேலாளரான மார்கோ இன்னும் படிக்கும். மெட்டாசிட்டி தீம் எக்ஸ்எம்எல்லில் எழுதிய வரைதல் கட்டளைகள், எழுத்துருவின் உயரத்துக்கேற்பப் பட்டையும் உயரும். மேலே மஸ்கெலியாத் தங்கச்சி பட்ட பாடு உங்களுக்கு அநேகமாக இருக்காது.

கேள்வி: தீம் மாற்றினேன். பாதி ஜன்னல்கள் மாறின, பாதி மாறவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் அசையவே இல்லை.
— நானுஓயா வாசகர்

பதில்: மாறாத அந்த ஜன்னல்கள் தம் தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்பவை. 2013இல், ஜன்னல்களையும் பொத்தான்களையும் அமைக்கும் கருவித்தொகுப்பான ஜிடிகேயின் 3.10 பதிப்புடன் பரவிய பழக்கம், எனக்குப் பிடிக்காத பழக்கம். ஃபயர்ஃபாக்ஸில் கருவிப்பட்டை மேல் வலது சொடுக்கி, அதைத் தனிப்பயனாக்கும் பக்கத்துக்குப் போங்கள். இடது அடியில் ‘டைட்டில் பார்’ என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் சரி போடுங்கள். மற்ற ஜிடிகே நிரல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், விட்டுவிடுங்கள்.

தீம் பற்றிக் கேள்வி அனுப்புகிறவர்கள் திரைப்பிடிப்பாக அனுப்புங்கள். ஸ்கிரீனைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். கடந்த மாதம் வந்த ஒன்றில் தலைப்புப் பட்டையைவிட, கண்ணாடியில் தெரிந்த உங்கள் வீட்டு டியூப்லைட்தான் தெளிவாக இருந்தது.