கடைசி ஆளுக்கும் பேட் பிடிக்கத் தெரியணும்

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டைல சின்னதா சிப்ஸ் கடை வச்சிருக்கேன், வேலைக்கு நாலு பேரு. சரக்கு மாஸ்டர் ஒருநா லீவு போட்டாலும் அடுப்பு எரியாது. ஜெயிக்கிற டீமைப் பாத்து கத்துக்கோன்னு மச்சான் சொல்றாரு, நிஜமாவே அதுல ஏதும் இருக்கா?

பதில்: இருக்கு தம்பி, மலைக்கு அந்தப் பக்கமே இருக்கு. 2025 பிப்ரவரில ரஞ்சிக் கோப்பை, அதான் மாநில டீமுங்க மோதுற கிரிக்கெட் போட்டி, அதோட காலிறுதில கேரளா, ஜம்மு காஷ்மீர் முதல் இன்னிங்ஸ்ல எடுத்த 280 ரன்னுக்கு எதிரா 200க்கு 9 விக்கெட்னு நின்னுச்சு, ஒரு பக்கம் பேட்ஸ்மேன் சல்மான் நிசார், இன்னொரு பக்கம் கடைசி ஆளா வந்த பவுலர் பாசில் தம்பி அடிச்சது 15 ரன்தான், ஆனா கூடவே நின்னாரு பாருங்க, அதுல 81 ரன் சேந்து ஒரே ஒரு ரன் லீட் கிடைச்சுது, மேட்ச் டிரா ஆச்சுன்னா முதல் இன்னிங்ஸ்ல லீட் எடுத்த டீம்தான் மேல போகும், அதனால அந்த ஒரு ரன்லயே செமிக்குப் போயி அப்புறம் முதல் தடவையா ஃபைனலும் ஆடுனாங்க.

பவுலருக்கும் பேட்டிங் பழக்குறது இதுக்குத்தான். உங்க கடைல பொட்டலம் போடுற பையனுக்கு எண்ணெய் காயுற பதம் தெரியுமா? குத்தால சீசனும் ஐயப்ப சாமிமார் கூட்டமும் வர்றதுக்கு முன்னாடி, யாவாரம் மந்தமா இருக்கற நாள்ல மாஸ்டரைப் பக்கத்துல நிக்க வச்சு அவனை வறுக்க விடுங்க, கொஞ்சம் காய் கருகும், அந்த நஷ்டம் உங்களோடது, பையன் சம்பளத்துல பிடிக்கவே கூடாது, இதை நான் கண்டிப்பாவே சொல்றேன். மாஸ்டருக்குத் தன் இடம் போயிடுமோன்னு பயம் வரும், அவர்ட்ட முதல்லயே உக்காந்து பேசி, கத்துக்குடுக்கறதுக்குன்னு தனியா ஒரு தொகையும் மாசாமாசம் குடுத்துருங்க.