இறக்காத கொடிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

மொரிஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் நிரலாளராக வேலை பார்க்கிறேன். முடிவடையாத வேலையை மாதக்கணக்கில் தனிக் கிளையில், அதாவது நிரலின் தனிப் பிரதியில், வைத்திருந்து, கடைசியில் இணைக்கத் திண்டாடிய காலம் போய், இப்போது அன்றாடம் முதன்மைக் கிளையிலேயே சேர்த்து ஒரு ஃபீச்சர் ஃப்ளாக்கால், அதாவது ஒரு வசதியைத் திறக்கவும் அணைக்கவும் நிரலில் வைக்கும் சுவிட்சால், மூடி வைக்கிறோம். வெளியீடு எளிதாகிவிட்டது. ஆனால் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஃப்ளாக்குகள் சேர்ந்துவிட்டன; பலவற்றை வைத்தவர் யாரென்றே தெரியவில்லை. நீக்கலாமா என்றால், "அணைந்துதானே கிடக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்கிறார் எங்கள் டீம் லீட். அவர் சொல்வது சரிதானா?

வாசகர், ரோஸ் ஹில்

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. அணைந்து கிடக்கும் நிரல், வேண்டாத நேரத்தில் விழித்துக்கொள்ளக்கூடிய நிரல். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலுக்கு நேர்ந்தது இதுதான். 2003க்குப் பின் பயன்படுத்தாத 'பவர் பெக்' என்ற பழைய பகுதியை அவர்கள் நீக்காமலே விட்டிருந்தார்கள்; அதை இயக்கிவந்த ஃப்ளாக்கை எடுத்துப் புதிய வசதி ஒன்றுக்குக் கொடுத்தார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வர் ஃப்ளாக்கைப் பழைய பொருளிலேயே புரிந்துகொண்டு, பங்குகளை வாங்கவும் விற்கவுமான ஆணைகளை ஓயாமல் அனுப்பத் தொடங்கியது. காரணம் பிடிபடாத பதற்றத்தில், ஒழுங்காக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை அகற்றினார்கள். ஃப்ளாக் மட்டும் ஏற்றியபடியே இருந்ததால் அந்த ஏழிலும் பவர் பெக் விழித்துக்கொண்டது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் இழப்பு 44 கோடி டாலரைத் தாண்டியது. ஒரு ஃப்ளாக்கின் பெயரை மறுபடி பயன்படுத்தவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நம் தீவில் தைப்பூசக் காவடி விரதம் கொடியேற்றத்தோடு தொடங்குகிறது. ஏற்றும்போதே இறக்கும் நாளும் எல்லோருக்கும் தெரியும். வெளியீட்டுக்காக வைக்கும் ஃப்ளாக்கும் அப்படித்தான் பிறக்க வேண்டும்: வைத்தவர் பெயரும் நீக்கும் தேதியும் இல்லாத ஃப்ளாக்கை, சக நிரலாளர் நிரலைச் சரிபார்க்கும் ரிவியூவிலேயே திருப்பி அனுப்புங்கள். நெருக்கடியில் ஒரு வசதியை உடனே நிறுத்துவதற்கென்று வைத்தவை வேறு இனம்; அவை நிலையாக இருக்கலாம், ஆனால் அவ்வப்போது அணைத்துப் பார்க்காவிட்டால் வேண்டிய நாளில் வேலை செய்யுமா என்பது சந்தேகமே.

ஒவ்வொரு ஃப்ளாக்கும் திறந்தோ அணைந்தோ இருக்கலாம் என்பதால், பத்து ஃப்ளாக்குகள் இருந்தால் 1024 சேர்க்கைகள். உங்கள் நாற்பதைக் கணக்கிட எனக்கே மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சோதிக்க எவராலும் முடியாது. இன்று வாடிக்கையாளரிடம் உள்ள நிலையையும், அடுத்து வெளியிடப் போகும் நிலையையும் தவறாமல் சோதித்தால் பெரும்பாலும் போதும்.

நீக்கத் தொடங்கும்போது, எல்லாப் பயனர்களுக்கும் நெடுநாளாகத் திறந்தே இருப்பவற்றை முதலில் எடுங்கள். நிரலில் உள்ள நிபந்தனையையும் அதன் பின்னால் செத்துக் கிடக்கும் பாதையையும் வெட்டி, அந்த மாற்றம் எல்லா சர்வர்களுக்கும் சேர்ந்தது உறுதியான பிறகே ஃப்ளாக்குகளின் நிலையைக் குறித்து வைக்கும் அமைப்புப் பட்டியலிலிருந்து அந்த ஃப்ளாக்கை அழிக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால், ஃப்ளாக்கைத் தேடிக் காணாத நிரல் தன் இயல்பு மதிப்புக்குத் திரும்பும். அது பெரும்பாலும் 'அணை' என்றே எழுதப்பட்டிருக்கும்; எல்லோரும் பயன்படுத்திவரும் வசதி அதோடு அணைந்துபோகும்.